உடம்பைவிடக் காற்று சூடாக இருக்கும் ஊரில் தெர்மாமீட்டர்

மே மாதத்தில் வேலூர் வீடுகளில் ஒரே நாளில் இரண்டு எண்கள் காதில் விழும். டி.வி. செய்தியில் "வேலூரில் இன்று 106 டிகிரி வெயில்" என்பார்கள். உள்ளறையிலிருந்து "பாப்பாவுக்கு 102 ஜுரம்" என்று குரல் வரும். இரண்டும் ஒரே பாரன்ஹீட் அளவுதான். ஜுரத்தில் படுத்திருக்கும் குழந்தையின் உடம்பைவிட ஜன்னலுக்கு வெளியே அடிக்கும் காற்று நான்கு டிகிரி கூடுதல் சூடு. தெர்மாமீட்டர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாள் இப்படி ஒரு நிலையை நினைத்து எழுதப்பட்டதல்ல. அறை உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், கருவி கீழிருந்து மேலே ஏறும், ஏறி நின்ற இடம்தான் ஜுரம் என்பது அந்தத் தாளின் கணக்கு. கத்திரி வெயிலில், தகர ஷீட் போட்ட வீட்டில், மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

எந்தத் தெர்மாமீட்டரும் தன் முனை எவ்வளவு சூடு என்பதை மட்டுமே சொல்லும். நாக்கின் சூட்டையோ, ஃபிரிட்ஜின் குளிர்ச்சியையோ, பாகின் பதத்தையோ அது நேராக அறியாது. நமக்கு வேண்டிய பொருளின் சூடும் முனையின் சூடும் ஒன்றாகும்வரை காத்திருந்து, வேறு எதுவும் குறுக்கே வராமல் படிப்பதுதான் அளப்பவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் எண் தப்பாக வரும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் கருவி சரியாகவே இருக்கும். முனை வேறு எதையோ அளந்திருக்கும்.

முதலில் அளவு மாற்றம். செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டினால் பாரன்ஹீட். ஜுரத்துக்கு ஐந்து எண்கள் நினைவில் இருந்தால் போதும்: 37 என்பது 98.6, 38 என்பது 100.4, 39 என்பது 102.2, 40 என்பது 104, 41 என்பது 105.8. டிஜிட்டல் கருவியில் பட்டனை அழுத்திப் பிடித்தால் அளவு மாறிவிடும் மாடல்கள் நிறைய உண்டு. குழந்தை கையில் எடுத்து அழுத்தி விளையாடிய பிறகு "36.9" என்று காட்டினால் பதறத் தேவையில்லை, அளவுதான் மாறியிருக்கிறது.

ஜுரம் பார்க்கும் கருவி

ரசம், அதாவது பாதரசம், வைத்த கண்ணாடித் தெர்மாமீட்டர் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதன் குமிழுக்குச் சற்று மேலே குழாய் ஓரிடத்தில் இறுகியிருக்கும். ஏறிய ரசம் அந்த இறுக்கத்தைத் தாண்டித் தானாகக் கீழே இறங்காது, உதறினால்தான் இறங்கும். வாயிலிருந்து எடுத்த பிறகும் எண் அப்படியே நிற்பதற்கு அதுதான் காரணம். அறை 30 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஊரில் இது நல்ல ஏற்பாடு. அறையே 41 டிகிரி என்றால், நீங்கள் எவ்வளவு உதறினாலும் கையில் பிடித்திருக்கும்போதே ரசம் அறையின் சூட்டுக்கு ஏறத் தொடங்கும். ஜுரமே இல்லாதவர் வாயில் வைத்தாலும் 105 காட்டும். ஏறியது இறங்காது என்பதால் வாய்க்குள் இருக்கும் 98.6 அதை மாற்றாது.

இதற்கு வழி எளியது. குமிழைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பானைத் தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, 95-க்குக் கீழே வரும்படி உதறி, உடனே நாக்கின் கீழே வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் இங்கே உதவாது. மொட்டை மாடியில் கருப்பு டாங்க் இருக்கும் வீட்டில் மே மாத மதியம் குழாயில் வரும் தண்ணீர் ஜுரத்தைவிடச் சூடாக இருக்கும். பானைத் தண்ணீர் இல்லையென்றால், நனைத்த முனையை விசிறியின் கீழே அரை நிமிடம் பிடித்தாலே போதும். ஈரம் காயும்போது முனை குளிரும். இந்த ஈரமுனை விஷயம் பின்னால் மறுபடி வரும். வாயில் மூன்று நிமிடம், அக்குளில் ஐந்து நிமிடம் வைத்து, எடுத்தவுடன் அந்த இடத்திலேயே படிக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடி தேடிப் போய் வந்து படித்தால் நீங்கள் படிப்பது அறையின் சூடு.

டிஜிட்டல் கருவிக்கும் இதே சிக்கல் உண்டு. அதன் உலோக முனைக்குள் தெர்மிஸ்டர் என்ற சிறு மணி இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அதை வைத்துச் சில்லு எண் போடுகிறது. பெரும்பாலான மாடல்கள் ஆன் செய்ததிலிருந்து கண்ட உச்ச எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சூடான முனையோடு ஆன் செய்தால் அந்தச் சூடே "ஜுரமாக" பதிவாகிவிடும். முனையைக் குளிரவைத்துத் துடைத்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். திரையில் 'லோ' என்று வருவது பழுது அல்ல. முனை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள், நமக்கு வேண்டியது அதுதான்.

முனையை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நாக்கின் கீழே என்றால் முன்பல்லுக்குப் பின்னால் அல்ல. நாக்கின் அடியில், வேருக்குப் பக்கத்தில், இடமோ வலமோ ஒரு ஓரமாக ஒரு குழி இருக்கும். அங்கேதான் ரத்தக் குழாய் அருகில் ஓடுகிறது. உதடு மூடியிருக்க வேண்டும், மூச்சு மூக்கு வழியே போக வேண்டும். காபியோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். சளியில் மூக்கடைத்து வாயால் மூச்சு விடுபவருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் அக்குள்தான் சரி. வேர்வையைத் துடைத்து, முனையை அக்குளின் உச்சியில் வைத்து, கையை மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். பீப் ஒலி, எண் ஏறும் வேகம் குறைந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. அக்குளில் தோல் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், பீப் வந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு வைத்தால் பல கருவிகளில் இன்னும் சில புள்ளிகள் ஏறும்.

அக்குள் எண் வாய் எண்ணைவிடச் சுமார் அரை டிகிரி செல்சியஸ், அதாவது ஒரு டிகிரி பாரன்ஹீட் குறைவாக வரும். அதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் "அக்குளில் 100, மணி நான்குக்கு" என்று சொல்லுங்கள், கணக்கை அவர் போட்டுக்கொள்வார். மணியைச் சொல்வதும் முக்கியம். நல்ல உடம்பிலேயே விடிகாலையில் சூடு குறைந்தும் மாலை நான்கு முதல் ஆறு மணிக்குள் கூடியும் இருக்கும், வித்தியாசம் அரை டிகிரி செல்சியஸ் வரை. 98.6 என்ற எண்ணும் கல்வெட்டு அல்ல. 1868-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் வுண்டர்லிஷ், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் வைத்து எடுத்த அளவுகளின் வழியே நிலைபெற்ற சராசரி அது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் நல்ல நிலையில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்து எழுதி வைத்திருந்தால், நோய் வந்த நாளில் ஒப்பிட அதுவே சிறந்த அளவுகோல்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 என்றால் மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை. வெயில் நாளில் பச்சைக் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி வைத்திருந்தால் அதனாலேயே சூடு ஏறும். துணியைத் தளர்த்தி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் இறங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவர் குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ தெர்மாமீட்டரைத் தேடி நேரம் கழிக்காதீர்கள். வெப்பத் தாக்கில் உடம்பின் உள்சூடு 104-ஐத் தாண்டியிருக்கும்போதும் வேர்வையில் நனைந்த அக்குள் 100 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி ஓய்வெடுக்க விட்டுவிடுவது உயிருக்கு ஆபத்து. நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. அது இறக்குவது மூளை தானே ஏற்றி வைக்கும் ஜுரத்தை. வெப்பத் தாக்கில் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போகிறது, அது வேறு கதை.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி

கொரோனா காலத்தில் வாசலுக்கு வாசல் நீட்டிய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. தோலிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வாங்கி, உள்ளே ஒரு கணக்குப் போட்டு, உடம்புச் சூடாக மாற்றிச் சொல்கிறது. அந்தக் கணக்கு அறைச் சூட்டையும் சேர்த்துப் போடப்படுவது. வேலை செய்யக்கூடிய அறைச் சூட்டின் வரம்பு குறிப்புத் தாளில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் உச்சம் 40 டிகிரி செல்சியஸ்தான், சில மாடல்களில் 35. அதற்கு மேல் காட்டும் எண்ணுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்பதில்லை. நம் ஊரில் மே மாத மதியங்கள் பல அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகின்றன.

வெயிலில் நடந்து வந்தவர் நெற்றி சூடாக இருக்கும், வேர்த்த நெற்றி குளிர்ந்திருக்கும். இரண்டு வகையிலும் எண் பொய் சொல்லும். நபரும் கருவியும் ஒரே அறையில் அரை மணி நேரம் இருக்க வேண்டும், நெற்றி காய்ந்திருக்க வேண்டும், முடி ஒதுங்கியிருக்க வேண்டும், விசிறி நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்த கருவியை வராண்டாவில் உடனே பயன்படுத்தினாலும் தப்பு வரும். தூரம் மாடலுக்கு மாடல் மாறும், பொதுவாக மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். "உடம்பு", "பொருள்" என இரண்டு முறைகள் இருந்தால் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பொருள் முறையில் நல்ல நெற்றிகூட 34, 35 என்றுதான் காட்டும். வீட்டில் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், சில நூறு ரூபாய் முனைவைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரையே வாங்குங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் ஒரு பார்வை பார்ப்பதற்கு இன்ஃப்ராரெட் நல்லது. மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முனைக் கருவிதான் வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனை எதிரே உள்ள மருந்துக் கடைகளிலோ வேறு எங்கோ வாங்கும்போது அட்டையில் மூன்றைப் பாருங்கள்: துல்லியம் பிளஸ் அல்லது மைனஸ் 0.1 டிகிரி செல்சியஸ் என்று இருக்கிறதா, தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் இருக்கிறதா, பேட்டரியை மாற்ற முடியுமா. முனை வளையும் வகை குழந்தைக்கு வசதி. பேட்டரி பெரும்பாலும் எல்.ஆர். 41 என்ற சிறு பட்டன். குழந்தை விழுங்கக்கூடிய அளவு என்பதால் அதன் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

வாங்கியது சரியா என்று பார்க்க ஐஸ் உதவாது, ஜுரக் கருவிக்கு அந்தக் குளிர் எட்டாது. ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுவந்து, சந்தேகப்படும் கருவியையும் நம்பகமான இன்னொன்றையும் முனைகள் ஒரே ஆழத்தில் இருக்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, உலோகப் பகுதி மட்டும் முங்குமாறு மூன்று நிமிடம் பிடியுங்கள். நடுவே தண்ணீரைக் கலக்கிவிடுங்கள். வித்தியாசம் 0.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எது தவறு என்று மூன்றாவது ஒன்றை வைத்துப் பார்த்து, தவறியதை ஒதுக்கிவிடுங்கள்.

ரசம் உடைந்தால்

ஜுரம் பார்க்கும் ரசத் தெர்மாமீட்டரின் அளவு 42 டிகிரி செல்சியஸில் முடிந்துவிடும். அதற்கு மேல் ரசம் போக இடம் இல்லை. பைக் பெட்டியிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ, தகர ஷீட்டுக்கு அடியில் உள்ள பரணிலோ வைத்தால் குமிழ் விரிந்து உடையலாம். வெந்நீரில் கழுவினாலும் அப்படித்தான். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் வந்தது, இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதி செய்தது. வீட்டில் இருப்பதை உடையும்முன் கொடுத்துவிடுவது நல்லது.

உடைந்துவிட்டால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். பெருக்கினால் ஒரு உருண்டை நூறாகச் சிதறி, ஆவியாகும் பரப்பு கூடும். நம் வெயிலில் ஆவியாவதும் வேகமாக நடக்கும். குழந்தைகளை வெளியே அனுப்பி, விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வெள்ளையாக்கிவிடும். கையுறை போட்டு, கெட்டியான இரண்டு அட்டைகளால் உருண்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து, மூடி இறுகும் பாட்டிலில் தள்ளுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் மிச்சம் மின்னும், அதை ஒட்டும் டேப்பால் எடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது, துணியில் பட்டால் அந்தத் துணியை மெஷினில் போடக் கூடாது. குழந்தை வாயிலேயே கடித்து உடைத்துவிட்டால், விழுங்கிய ரசம் பெரும்பாலும் உடம்பில் ஏறாமல் வெளியேறிவிடும், கண்ணாடித் துண்டுதான் முதல் கவலை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஃபிரிட்ஜும் இன்சுலினும்

ஃபிரிட்ஜில் உள்ள 1 முதல் 7 வரையிலான திருகு டிகிரி அல்ல, கம்ப்ரசர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற அளவு. உள்ளே உண்மையில் எவ்வளவு என்று அறிய, ஒரு தம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதில் முனை முங்கும்படி தெர்மாமீட்டரை வைத்து, இரவு முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் படியுங்கள். காற்றில் வைத்தால் கதவைத் திறந்த நொடியிலேயே எண் ஓடும், தண்ணீர் அந்த ஆட்டத்தை அடக்கி, சாப்பாடு எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதைக் காட்டும். 4 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், பிரிசரில் மைனஸ் 18. குளிர்காலத்தில் சரியாக இருந்த திருகு மே மாதத்தில் போதாது. சமையலறையே 40 டிகிரி இருக்கும்போது, சுவரோடு ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜ் தன் சூட்டைத் தள்ளிவிட வழியின்றித் திணறும்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பிரிசர் பெட்டிக்கு நேர் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே தெரியலாம், ஆனால் வேலை செய்யாது. உச்ச எண்ணையும் தாழ்ந்த எண்ணையும் நினைவில் வைக்கும் சிறு டிஜிட்டல் தெர்மாமீட்டரை மருந்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாள் வைத்து, தாழ்ந்த எண்ணைப் பாருங்கள். 2-க்குக் கீழே போயிருந்தால் மருந்தை வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

பயன்பாட்டில் இருக்கும் மருந்தை அறைச் சூட்டில் வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த "அறை" பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரி செல்சியஸ். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ மே மாத அறை அதுவல்ல. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பானை உதவும். பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் ஆற்று மணல் போட்டு, மணலைக் காலையும் மாலையும் நனைத்து, நிழலில் காற்றோடும் இடத்தில் வைக்க வேண்டும். மருந்தை நனையாத கவரில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூட வேண்டும். இது எவ்வளவு குளிர்கிறது என்பதை நம்பிக்கையில் விட்டுவிடக் கூடாது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்து ஒரு முழு நாள், குறிப்பாக மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும், எழுதிப் பார்த்த பிறகே மருந்தை வைக்க வேண்டும். பெட்டியில் சொன்ன வரம்புக்குள் இல்லையென்றால் அந்தப் பானை வேண்டாம்.

அடுப்படியில்

சமையலுக்கு நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் கருவி போதும், மைனஸ் 50 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை பார்க்கும். அதன் சென்சார் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. கடிகாரம் போல முள் வைத்த வகையில் சென்சார் கம்பியின் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும். அத்தனை ஆழம் முங்காவிட்டால் எண் குறைவாக வரும், வீட்டு வாணலியில் அவ்வளவு எண்ணெய் இருக்காது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்க்கும் சிவப்புத் திரவக் கண்ணாடிக் குழாய் 110 டிகிரி வரைக்கும்தான். அதை எண்ணெயிலோ பாகிலோ விட்டால் வெடிக்கும்.

இந்தக் கருவியை இரண்டு வழியில் சோதிக்கலாம். ஐஸைப் பொடியாக இடித்துத் தம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கலக்கி, இரண்டு நிமிடம் கழித்து முனையை நடுவே பிடித்தால் 0 காட்ட வேண்டும். ஐஸ் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் கூடிவிட்டால் அடியில் தண்ணீர் மூன்று நான்கு டிகிரிக்குப் போய்விடும், கருவிமேல் வீண்பழி விழும். அடுத்தது கொதிநீர். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உயரம் சுமார் 300 மீட்டர் கூடினால் ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கும். வேலூர் 216 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 99.3 அளவில் கொதிக்கும். சுமார் 1,100 மீட்டரில் உள்ள ஏலகிரியில் 96-ஐச் சற்றுத் தாண்டிக் கொதித்துவிடும். ஏலகிரியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் ஆவதற்குக் காரணம் இதுதான். அங்கே கருவி 96 காட்டினால் அது சரியான கருவி.

பாகுக்கு இந்த வித்தியாசம் நேராகவே பொருந்தும். பாகில் தண்ணீர் வற்ற வற்றச் சூடு ஏறும், ஆகவே சூடு பதத்தின் அளவாகிறது. சர்க்கரைப் பாகு கம்பிப் பதம் 105 ஒட்டி, உருட்டினால் மென்மையாகத் திரளும் பதம் 112 முதல் 116, உடைத்தால் நொறுங்கும் பதம் 146-க்கு மேல். இவை கடல் மட்டத்து எண்கள். வேலூரில் ஒரு டிகிரிக்கும் குறைவாகக் கழித்தால் போதும், ஏலகிரியில் மூன்றரை டிகிரிக்கு மேல் கழிக்க வேண்டும். கழிக்காமல் 115 வரும்வரை மலையில் காய்ச்சினால் அதற்குள் பதம் தாண்டி இறுகிவிடும். வெல்லத்தில் வேறு சர்க்கரைகளும் அழுக்கும் கலந்திருப்பதால் எண் சரக்குக்குச் சரக்கு மாறும். அதிரசத்துக்குத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வழக்கத்தை விட வேண்டாம், எண்ணைக் கூடவே குறித்து வைத்தால் அடுத்த முறை அதே வெல்லத்துக்கு உதவும்.

எண்ணெயில் முனை வாணலியின் அடியைத் தொடக் கூடாது, அடி எண்ணெயைவிடச் சூடாக இருக்கும். வடைக்கும் பஜ்ஜிக்கும் 170 முதல் 180. ஆற்காடு மக்கன் பேடா போல நடுவரை வேக வேண்டிய பண்டத்துக்கு அது அதிகம். 150-க்குக் கீழே வைத்து நிதானமாகப் பொரிக்காவிட்டால் மேல்தோல் கருத்து நடு மாவாக நிற்கும். தயிருக்குக் காய்ச்சிய பால் 42 ஒட்டி ஆறியதும் உறை ஊற்றுங்கள். 50-க்கு மேல் உறையில் உள்ள கிருமிகள் சாகத் தொடங்கும். மே மாதத்தில் அறைச் சூடே அதற்கு ஏற்றபடி இருப்பதால் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்து, விட்டால் புளித்துவிடும். உறை மோரைக் குறைத்து, உறைந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

விசேஷத்துக்கு ஆம்பூர் பிரியாணி தேக்சாவில் வந்தால், மூடி தொடச் சுடுகிறது என்பதால் உள்ளே சூடாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே வந்த சோறும் கறியும் கிருமி வளரும் இடம். மிச்சத்தைத் தேக்சாவிலேயே மூடி வைத்தால் நடுப்பகுதி இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலமான தட்டுகளில் மெல்லப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுபடி சூடேற்றும்போது நடுவில் 74 வர வேண்டும். கோழித் தொடையிலும் அதே 74, முனை எலும்பைத் தொடாமல் கறியின் தடித்த இடத்தில் இருக்க வேண்டும்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியை அடுப்படிக்குக் கொண்டுவருபவர்கள் ஏமாறும் இடம் பளபளப்பான பாத்திரம். எவர்சில்வரும் அலுமினியமும் தம் சூட்டைக் கதிராக விடுவது மிகக் குறைவு, சுற்றியுள்ளதைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். கொதிக்கும் தண்ணீர் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கத்தில் பிடித்தால் 50, 60 என்றுகூடக் காட்டும். பழகிக் கருத்த இரும்புத் தோசைக்கல்லில் அதே கருவி நன்றாக வேலை செய்யும். சிவப்புப் புள்ளி குறி காட்டத்தான். கருவி பார்ப்பது புள்ளியைச் சுற்றிய ஒரு வட்டத்தை, தள்ளிப் பிடிக்கப் பிடிக்க அந்த வட்டம் பெரிதாகி அடுப்புத் தீயையும் சேர்த்து அளக்கும்.

அறையும் மாடியும்

செய்தியில் வரும் 106, வெள்ளை அடித்த, பக்கங்களில் பலகைச் சட்டம் வைத்த, காற்று புகும் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலேகால் அடி உயரத்தில் உள்ள தெர்மாமீட்டர் காட்டுவது. அது நிழல் காற்றின் சூடு. உங்கள் மதில்மேல் வெயிலில் தொங்கும் கருவி 120 காட்டினால் அது காற்றை அளக்கவில்லை, வெயிலில் காய்ந்த தன் பிளாஸ்டிக்கையே அளக்கிறது. வெளியே மாட்டுவதென்றால் வடக்குச் சுவர் ஓரம், சுவரைத் தொடாமல், நாள் முழுக்க நிழல் உள்ள இடத்தில் மாட்டுங்கள். உள்ளே என்றால் வெளிச்சுவரில் வேண்டாம், ஃபிரிட்ஜ், டி.வி. மேலே வேண்டாம், உட்சுவரில் நெஞ்சு உயரத்தில் போதும்.

ஏர்கூலர் வாங்கலாமா என்பதை ஈரமுனையே சொல்லிவிடும். இரண்டு சிவப்புத் திரவத் தெர்மாமீட்டர்களில் ஒன்றின் குமிழைப் பருத்தித் துணித் திரியால் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் வையுங்கள். காற்று 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக் குமிழ் 26 அளவுக்கு இறங்கும். கூலரோ மண்பானையோ அதற்குக் கீழே ஒருபோதும் போகாது, ஆனால் அதை நெருங்கலாம். ஐப்பசி மழையில் காற்று 30, ஈரப்பதம் 80 என்றால் ஈரக் குமிழ் 27-லேயே நின்றுவிடும். அன்று கூலர் தருவது பிசுபிசுப்பு மட்டும்தான். வேலூரின் வறண்ட ஏப்ரல், மே மதியங்களில் கூலருக்கு நல்ல வேலை உண்டு, ஆனால் ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறையே மழைக்காலம் ஆகிவிடும்.

கான்கிரீட் தளம் பகல் வெயிலை வாங்கி மெதுவாக உள்ளே இறக்கும். இன்ஃப்ராரெட் கருவியைப் படுக்கையறைக் கூரைப் பக்கம் மதியம் மூன்றுக்கும் இரவு எட்டுக்கும் பிடித்துப் பாருங்கள், பல வீடுகளில் இரவு எண்தான் கூடுதலாக இருக்கும். மாடியில் வெள்ளை பூசுவதற்கு முன்னும் பின்னும், வெயில் ஒத்த இரண்டு நாட்களில், ஒரே இடத்தில், ஒரே மணிக்கு இந்த எண்ணை எடுத்து வைத்தால் பூச்சுக்குக் கொடுத்த காசு என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

இரவில் ஜன்னலை எப்போது திறப்பது என்பதற்கும் இரண்டு அறைத் தெர்மாமீட்டர்கள் போதும். முதலில் இரண்டையும் ஒரே மேசையில் ஒரு நாள் பக்கம் பக்கமாக வையுங்கள். மலிவான கருவிகள் ஒரு டிகிரி வரை வேறுபடும், அந்த வித்தியாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பிறகு ஒன்று உள்ளே, ஒன்று வடக்குச் சுவர் நிழலில். சூரியன் சாய்ந்ததும் வெளி எண் இறங்கத் தொடங்கும், உள் எண் தளத்தின் சூட்டால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். வெளி எண் உள் எண்ணுக்குக் கீழே போன நிமிடத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விசிறியைப் போடுங்கள். காலையில் வெளி எண் மறுபடி உள் எண்ணை எட்டும்போது சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள்.